கடுக்காய் டிஎன்ஏவைக் காத்ததா, டிஎம்எஸ்ஓ காத்ததா?

வேலூர், திருப்பத்தூர், வாணியம்பாடி பக்கத்துக் கல்லூரிகளில் உயிர்வேதியியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கிற மாணவர்கள் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு விரும்பி எடுக்கும் தலைப்பு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மூலிகை, அதன் சாறு, இரண்டு மூன்று ஆன்டிஆக்சிடன்ட் சோதனை, கடைசியில் டிஎன்ஏவை மின்சாரத்தால் ஓடவிட்டுப் பிரித்த ஒரு ஜெல் படம். படத்தின் கீழே, “இந்தச் சாறு டிஎன்ஏவைப் பாதுகாக்கிறது” என்று ஒரு வரி.

அந்தக் கடைசிச் சோதனை பார்வைக்கு எளிது. 20 மைக்ரோலிட்டருக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்த 20 மைக்ரோலிட்டருக்குள் மூலிகையைத் தவிர வேறு சில பொருள்களும் டிஎன்ஏவைக் காப்பாற்றக்கூடியவையாக இருக்கின்றன. அவற்றை விலக்காமல் எடுத்த படம் மூலிகையைப் பற்றி எதையும் சொல்லாது. இதைப் படிப்படியாக விளக்கத்தான் இந்தப் பதிவு. உதாரணத்துக்குக் கடுக்காயை எடுத்துக்கொள்கிறேன். ஜவ்வாது மலையில் விளைகிறது, வேலூர் லாங்கு பஜார் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அதன் வேதியியல் நன்றாகத் தெரிந்தது. பொய்யான முடிவுக்கு எளிதாக இழுத்துக்கொண்டு போகிற காயும் அதுதான்.

முதலில் சரக்கு. கடையில் “கடுக்காய்” என்று கேட்டால் முற்றிய காயும் தரலாம், கறுத்துச் சிறுத்த பிஞ்சுக் கடுக்காயும் தரலாம். இரண்டுக்கும் துவர்ப்புத் தரும் டானின் அளவு ஒன்றல்ல. எது வாங்கினீர்கள் என்று குறித்துவையுங்கள். கடைச் சரக்கை மட்டும் வைத்துத் தாவர அடையாளச் சான்று வாங்க முடியாது. பூவோ காயோ உள்ள கிளை ஒன்றை அழுத்திக் காயவைத்து, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் போன்ற இடத்தில் காட்டி எண் வாங்க வேண்டும். காப்புக்காட்டில் பறிப்பதென்றால் வனத்துறை அனுமதி முதலில். கடுக்காயிலாவது அடையாளக் குழப்பம் குறைவு. கீழாநெல்லி என்று கட்டாக விற்பதில் அதே பேரினத்தைச் சேர்ந்த இரண்டு மூன்று வகைச் செடிகள் கலந்திருப்பது சாதாரணம். இலைக்கு அடியில் காய் வரிசை இருப்பதை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது.

கரையோரச் செடிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் கழிவு படிந்த பாலாற்று மண்ணில் வளர்ந்த செடியில் குரோமியம் ஏறியிருக்கலாம். குரோமியமும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து டிஎன்ஏவை உடைக்கும் ரகம். கரிசலாங்கண்ணி, வல்லாரை போல ஈரத்தில் வளர்கிறவற்றை அந்தப் பக்கம் பறித்தால், சாற்றில் உலோக அளவு பார்க்காமல் எந்தச் சோதனையும் தொடங்காதீர்கள்.

“கடுக்காய்க்கு அக நஞ்சு, சுக்குக்குப் புற நஞ்சு” என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். கொட்டையை நீக்கித் தோட்டை மட்டும் எடுங்கள். டானின் மிகுதியாக இருப்பது அந்தச் சதைத் தோட்டில்தான். கொட்டையோடு அரைத்தால் எடை ஏறும், சாறு நீர்த்துப்போகும். நிழலில் உலர்த்துங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் ஒரே நாளில் காயும், ஆனால் பாலிஃபீனால்கள் (டானினும் இந்த வகைதான்) வெயிலில் ஆக்சிஜனேற்றம் அடையும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு தொல்லை. மெல்லப் பூசணம் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவிலும் பிடிக்கும். அந்த மாதங்களில் 40 டிகிரி வைத்த அவனில் உலர்த்துவதே மேல்.

தோட்டுத் தூள் 10 கிராம், 70 சதவீத மெத்தனால் அல்லது 70 சதவீத அசிட்டோன் 100 மி.லி., ஷேக்கரில் 24 மணி நேரம், இருட்டில். டானினை இழுப்பதில் அசிட்டோன் கலவை கெட்டிக்காரத்தனமானது. வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் 40 டிகிரிக்கு மேல் போகாமல் கரைப்பானை எடுத்துவிட்டு, மிச்சத்தை உறையவைத்து உலர்த்தி எடை போடுங்கள். குடிநீராகக் காய்ச்சினால் கிடைப்பது வேறு சாறு என்பதை நினைவில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்க, கெபுலினிக் அமிலம், கெபுலாஜிக் அமிலம் போன்ற பெரிய டானின்கள் உடைந்து காலிக் அமிலமும் எலாஜிக் அமிலமும் கூடும். “கடுக்காய்ச் சாறு” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

டிபிபிஹெச் சோதனையை எல்லாரும் செய்கிறார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டிபிபிஹெச் என்பது ஊதா நிற ரேடிக்கல், அதாவது இணையில்லாத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறு. ஆன்டிஆக்சிடன்ட் பட்டால் மஞ்சளாகும். 3.94 மி.கி. டிபிபிஹெச், 100 மி.லி. மெத்தனால்: இது 0.1 மில்லிமோலார். 517 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 1.0-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.6 காட்டினால் தூள் பழசு, அல்லது சரியாகக் கரையவில்லை. சாறு சேர்த்து 30 நிமிடம் இருட்டில் வைத்துப் படிக்க வேண்டும்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, மூடாத குழாய். மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் வைத்தால் மெத்தனால் கணிசமாக ஆவியாகி, மிச்சக் கரைசல் அடர்ந்துபோகும். இரண்டாவது, சாற்றின் சொந்த நிறம். கட்டுப்பாட்டுக் குழாய் 0.98, சாறு சேர்த்தது 0.31 என்றால் 68.4 சதவீதம் என்று கணக்கு வரும். டிபிபிஹெச் இல்லாமல் அதே சாற்றை மெத்தனாலில் மட்டும் வைத்துப் படித்து 0.06 வந்தால், உண்மையான எண் 0.25, அதாவது 74.5 சதவீதம். கரும்பச்சைச் சாறுகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

மூன்றாவதுதான் அதிகம் நடக்கிறது: செறிவைத் தப்பாக எழுதுவது. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள சாற்றில் 100 மைக்ரோலிட்டர் எடுத்து மொத்தம் 3 மி.லி. ஆக்கினால், குழாயில் இருப்பது மி.லி.க்கு 33 மைக்ரோகிராம். அட்டவணையில் 1000 என்று போட்டுவிட்டு ஐசி50 (பாதி ரேடிக்கலைத் தீர்க்கத் தேவைப்படும் செறிவு) கணக்கிட்டால் சாறு முப்பது மடங்கு சோப்ளாங்கியாகத் தெரியும். கடுக்காயில் எதிர்ச் சிக்கலும் உண்டு. 100 மைக்ரோகிராமில் தொடங்கினால் எல்லாக் குழாயும் மஞ்சளாகி, எல்லாச் செறிவிலும் ஒரே எண் வரும். 1, 2, 5, 10, 20 என்று கீழிருந்து போங்கள். வரைகோடு வளைவதற்கு முன் உள்ள பகுதியில்தான் ஐசி50 எடுக்க முடியும்.

டிபிபிஹெச் நம் உடம்பில் இல்லாத ஒரு மூலக்கூறு. பருமனாக, நிலையாக, எளிதில் நெருங்க முடியாதபடி அடைத்துக்கொண்டு இருக்கும். டிஎன்ஏவை உண்மையில் உடைப்பது ஹைட்ராக்சில் ரேடிக்கல். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சந்திக்கும் இடத்தில் அது பிறக்கிறது. 1894-இல் ஃபென்டன் விவரித்ததால் இதை ஃபென்டன் வினை என்கிறோம். பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டருக்குள் எதையாவது தாக்கிவிட்டுத்தான் மறையும். சோதனையில் நடக்கிற எல்லாக் குழப்பத்துக்கும் விளக்கம் இந்த ஒரு பண்பில் இருக்கிறது.

சோதனையின் அடிப்படை இது. பிபிஆர்322 என்ற பிளாஸ்மிட், 4361 கார இணைகள் கொண்ட வட்ட டிஎன்ஏ. முறுக்கேறிய நிலையில் ஜெல்லில் வேகமாக ஓடும். ஒரே ஒரு இழையில் ஒரு வெட்டு விழுந்தாலும் முறுக்கு அவிழ்ந்து திறந்த வட்டமாகி மெதுவாக ஓடும். இரண்டு இழையும் எதிரெதிரே வெட்டுப்பட்டால் நேர்கோடாகி, வழக்கமான 1 சதவீத ஜெல்லில் இரண்டுக்கும் நடுவே நிற்கும். எட்டாயிரத்துச் சொச்சம் பிணைப்புகளில் ஒன்று அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு நுட்பமான சோதனை.

20 மைக்ரோலிட்டருக்கான கணக்கு: பிளாஸ்மிட் 250 நானோகிராம் 2 மைக்ரோலிட்டரில், 500 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர், பிஹெச் 7.4, 2 மைக்ரோலிட்டர், சாறு 2, 800 மைக்ரோமோலார் ஃபெர்ரிக் குளோரைடு 2, 500 மைக்ரோமோலார் அஸ்கார்பிக் அமிலம் 2, 300 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு 2, தண்ணீர் 8. சேர்க்கும் வரிசையும் இதுதான், ஆனால் தண்ணீர் முதலில், பெராக்சைடு கடைசியில். 37 டிகிரியில் 30 நிமிடம். இறுதிச் செறிவு இரும்பு 80 மைக்ரோமோலார், அஸ்கார்பிக் அமிலம் 50 மைக்ரோமோலார், பெராக்சைடு 30 மில்லிமோலார். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. உங்கள் பிளாஸ்மிட்டுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து, முறுக்கேறிய பட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் இடத்தில் நிறுத்துங்கள். பட்டையே காணாமல் போகிற அளவு தாக்கினால் எந்தச் சாறும் தாங்காது. லேசாகத் தாக்கினால் வெறும் தண்ணீரும் காத்தது போலத் தோன்றும்.

இரும்புக் கரைசலை அன்றன்றைக்கு, லேசான ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து எடுங்கள். நடுநிலைத் தண்ணீரில் வைத்தால் துருவாகப் படியும். பெராக்சைடு பாட்டில் நம் ஊர் வெயிலில் அலமாரியில் இருந்தால் லேபிளில் உள்ள 30 சதவீதம் வெறும் எழுத்துதான். புதிய பாட்டில் சுமார் 9.8 மோலார். 10 மில்லிமோலார் என்று நினைத்து நீர்த்ததை 240 நானோமீட்டரில் படித்தால் 0.43 பக்கம் வர வேண்டும். 0.25 வந்தால் அந்த பாட்டிலை ஒதுக்குங்கள்.

இனி, மூலிகை அல்லாத காவலர்கள்.

டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்பாக்சைடு என்ற கரைப்பான்) முதல் ஆள். சாறு தண்ணீரில் கரையவில்லை என்று டிஎம்எஸ்ஓவில் கரைத்து, “இறுதியில் 1 சதவீதம்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். சுத்த டிஎம்எஸ்ஓ சுமார் 14 மோலார். 1 சதவீதம் என்றால் 140 மில்லிமோலார். சாற்றில் மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் காலிக் அமிலம் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அது 0.29 மில்லிமோலார்தான். ஒரு காலிக் அமில மூலக்கூறுக்கு 480 டிஎம்எஸ்ஓ மூலக்கூறுகள். இரண்டுமே ஹைட்ராக்சில் ரேடிக்கலை ஏறத்தாழ ஒரே வேகத்தில் பிடிப்பவை. அப்படியானால் அந்தக் குழாயில் டிஎன்ஏவைக் காத்தது யார்? மெத்தனாலும் எத்தனாலும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. மெத்தனால் சாற்றை உலர்த்தாமல் அப்படியே சேர்ப்பவர்கள் மெத்தனாலைத்தான் சோதிக்கிறார்கள்.

கடுக்காய் டானின் தண்ணீரிலேயே கரையும், அதனால் டிஎம்எஸ்ஓவே வேண்டாம். கரையாத சாறு என்றால் எல்லாக் குழாயிலும், சாறு இல்லாத குழாயிலும்கூட, அதே அளவு டிஎம்எஸ்ஓ போட்டு, அப்போதும் பிளாஸ்மிட் உடைகிறது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தச் சாற்றுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

இரண்டாவது, பிளாஸ்மிட்டோடு கூடவே வரும் டிஇ பஃபர்: 10 மில்லிமோலார் ட்ரிஸ், 1 மில்லிமோலார் இடிடிஏ. 2 மைக்ரோலிட்டர் எடுத்து 20 ஆக்கினால் இடிடிஏ 100 மைக்ரோமோலார். நீங்கள் சேர்த்த இரும்பு 80. மொத்த இரும்பையும் இடிடிஏ கவ்விக்கொள்ளும். கவ்வினாலும் ஃபென்டன் வினை நிற்காது, நடக்கும் இடம்தான் மாறும். தனியாக விட்டால் இரும்பு டிஎன்ஏவின் பாஸ்பேட்டில் ஒட்டிக்கொண்டு, ரேடிக்கலை அங்கேயே பிறப்பிக்கும். குறுக்கே புகுந்து தடுக்க எந்தச் சாறுக்கும் நேரமில்லை. இடிடிஏ பிடித்த இரும்பு கரைசலில் மிதந்தபடி ரேடிக்கலைப் பிறப்பிக்கும். அங்கே சாறு அதைப் பிடித்துவிடலாம். இரண்டு சோதனையும் இரண்டு கேள்வி. எந்தக் கேள்வி என்று தெரியாமலே விடை எழுதக் கூடாது. பிளாஸ்மிட்டை சோடியம் அசிட்டேட், எத்தனால் கொண்டு படியவைத்து, 70 சதவீத எத்தனாலில் கழுவி, எத்தனால் வாசனை கொஞ்சமும் இல்லாமல் உலர்த்தி, சுத்தத் தண்ணீரில் கரையுங்கள். ட்ரிஸ்ஸும் ரேடிக்கலைப் பிடிக்கும், அதனால்தான் பாஸ்பேட் பஃபர்.

இப்போது கடுக்காய்க்கே வருவோம். அன்னபேதிக் கரைசலில் கடுக்காய்த் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் என்ன ஆகும் என்று பழைய ஆட்களிடம் கேளுங்கள். மை. கறுப்புச் சாயத்துக்கும் எழுதும் மைக்கும் இந்த இரண்டும்தான் கூட்டு. அன்னபேதி என்பது ஃபெர்ரஸ் சல்பேட், அதாவது ஃபென்டன் வினையை ஓட்டுகிற அதே ஃபெர்ரஸ் இரும்பு. கடிகாரக் கண்ணாடியில் ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு வைத்து, கடுக்காய்ச் சாறு சொட்டினால் கண் எதிரிலேயே நீலக் கறுப்பு ஓடிப் பரவும். ஆவாரம் பட்டைச் சாறு சொட்டினால் பச்சை கலந்த கறுப்பு வரும், அதன் டானின் வேறு வகை என்பதால். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் மண்டிகளில் ஆவாரம் பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோலைக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போடுவது பழைய முறை. இரண்டு டானினும் வேறு வேறு வேலைக்கு என்று ஆய்வகத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

ஆக, கடுக்காய்ச் சாறு சேர்த்த குழாயில் பிளாஸ்மிட் உடையாமல் இருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ரேடிக்கலைப் பிடித்திருக்கலாம், அல்லது ரேடிக்கல் பிறக்குமுன்பே இரும்பைக் கட்டியிருக்கலாம். இரும்பைக் கட்டுவது மட்டமான வேலையே இல்லை. நம் உடம்பும் டிரான்ஸ்ஃபெர்ரின், ஃபெர்ரிட்டின் என்று வைத்துக்கொண்டு அதைத்தான் செய்கிறது. ஆனால் இரும்பைக் கட்டியதை, “ஹைட்ராக்சில் ரேடிக்கலை அழிக்கிறது” என்று எழுதினால் அது பொய்.

பிரித்தறிய வழிகள் உண்டு. இரும்பே இல்லாமல், பெராக்சைடின் மேல் புறஊதா ஒளி செலுத்தியும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் உண்டாக்கலாம். அதிலும் சாறு காத்தால் ரேடிக்கலைப் பிடிக்கிறது என்பதற்கு வலு. ஆனால் கடுக்காய்ச் சாறு புறஊதாவைத் தானே விழுங்கிவிடும். அதனால் சாற்றைத் தனிப் பாத்திரத்தில் ஒளிக்கும் குழாய்க்கும் நடுவே வைத்து ஒரு ஓட்டம் ஓட்டி, நிழல் விழுந்ததால் வந்த பாதுகாப்பு எவ்வளவு என்று கழித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, இரும்பை இறுக்கமாகக் கட்டக்கூடிய டெஸ்ஃபெரியாக்சமினை ஒரு குழாயில் வைத்து ஒப்பிடுவது. மூன்றாவது, சாற்றைப் பாலிஃபீனாலை ஒட்டிக்கொள்ளும் பிவிபிபி தூளோடு குலுக்கி வடிகட்டி, பாலிஃபீனாலை நீக்கிய பிறகு மறுபடி சோதிப்பது. பாதுகாப்பு போய்விட்டால் பாலிஃபீனால்தான் காரணம். போகாவிட்டால் சர்க்கரையோ வேறெதுவோ, அதைத் தேடுங்கள்.

எதிர்த் திசையையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன கலவையில் அஸ்கார்பிக் அமிலம் எதற்கு? ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸ்ஸாக மாற்றிக்கொடுத்து வினையை ஓட்டுவதற்கு. ஆன்டிஆக்சிடன்ட் என்று நாம் கொண்டாடும் வைட்டமின் சி இங்கே தாக்குதலுக்கு எண்ணெய் ஊற்றுகிறது. காலிக் அமிலமும் இதைச் செய்யக்கூடியதே. ஆகவே அஸ்கார்பிக் அமிலம் இல்லாமல், சாறு, இரும்பு, பெராக்சைடு மட்டும் போட்ட ஒரு குழாய் கட்டாயம். குறைந்த செறிவில் உடைவு கூடி, உயர்ந்த செறிவில் குறைந்தால் அதை மறைக்காதீர்கள். அந்த ஆய்வில் படிக்கத் தகுந்த முடிவு அதுதான்.

ஜெல்லில் இருக்க வேண்டிய வரிசைகள்: வெறும் பிளாஸ்மிட், ஈகோஆர்1 நொதி ஒரே இடத்தில் வெட்டிய பிளாஸ்மிட் (நேர்கோட்டுப் பட்டையை அடையாளம் காண), ஃபென்டன், ஃபென்டனும் கரைப்பானும், அதிகச் செறிவுச் சாறு மட்டும் (ஃபென்டன் இல்லாமல்), பிறகு ஃபென்டனோடு சாற்றின் நான்கு செறிவுகள், டெஸ்ஃபெரியாக்சமின். இதில் “சாறு மட்டும்” வரிசையை விட்டுவிடுபவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால், பட்டை மங்கியது வெட்டாலா, டிஎன்ஏவை ஒளிரவைக்கும் சாயமான எத்திடியத்தின் ஒளிர்வைச் சாறு அடக்கியதாலா என்று சொல்ல முடியாது. கிணற்றிலேயே பழுப்பாக ஏதாவது நின்றால் சாறு டிஎன்ஏவைப் படியவைத்திருக்கிறது, செறிவைக் குறையுங்கள். எத்திடியம் புரோமைடை ஜெல்லுக்குள் போடாமல், ஓடி முடிந்த பிறகு மி.லி.க்கு 0.5 மைக்ரோகிராம் கரைசலில் அரை மணி ஊறவைத்தால் மூன்று வடிவமும் தெளிவாகப் பிரியும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கழிவைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

அளவிடும்போது முறுக்கேறிய வடிவம் எத்திடியத்தைக் குறைவாகவே பிடிக்கும் என்பதால் அதன் ஒளிர்வைச் சுமார் 1.4-ஆல் பெருக்க வேண்டும். பிறகு, முறுக்கேறிய பங்கின் இயல் மடக்கையை எதிர்க்குறியோடு எடுத்தால் ஒரு பிளாஸ்மிட்டுக்குச் சராசரி எத்தனை வெட்டு என்று கிடைக்கும். 37 சதவீதம் மிஞ்சினால் ஒரு வெட்டு. 80 சதவீதம் மிஞ்சினால் 0.22. 5 சதவீதம் மட்டும் மிஞ்சினால் மூன்று. வாங்கிய பிளாஸ்மிட்டிலேயே கொஞ்சம் திறந்த வட்டம் இருக்கும், அதைக் கழியுங்கள். வெறும் கண்ணால் “நல்ல பாதுகாப்பு, மிதமான பாதுகாப்பு” என்று எழுதுவதைவிட இந்த எண்ணுக்கு மரியாதை அதிகம்.

செல்லில் பார்க்க வேண்டுமென்றால், உடைந்த டிஎன்ஏ வால் நட்சத்திரம் போல ஜெல்லில் நீளும் காமெட் சோதனை இருக்கிறது. மனித ரத்தம் எடுப்பதற்கு நெறிமுறைக் குழு அனுமதி தேவை. அதிலும் ஒரு பொறி உண்டு. காலிக் அமிலம் நிறைந்த சாற்றைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் ஊற்றினால், செல்லைத் தொடாமலே ஊடகத்தில் ஆக்சிஜனேற்றமாகி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். செல் இறந்தால் “புற்றுநோய் எதிர்ப்பு” என்றும், தாங்கிக்கொண்டால் “பாதுகாப்பு” என்றும் எழுதத் தோன்றும். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த ஒரு குழாய் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும்.

குழாயில் வந்த எண்ணை மாத்திரை டப்பாவில் அச்சடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியலிட்ட ஓராக் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண் துறையே 2012-இல் இணையத்திலிருந்து நீக்கிவிட்டது, அந்த எண்கள் உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை என்று. புகைபிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள், பின்லாந்தில் 1994-இல் வெளிவந்ததும் அமெரிக்காவில் 1996-இல் வெளிவந்ததும், நுரையீரல் புற்றுநோய் கூடியதைத்தான் காட்டின. கடுக்காய்க்குச் சித்த மருத்துவத்தில் உள்ள இடம் வேறு வகையான அனுபவத்தின் மேல் நிற்கிறது. அதற்கு நம் ஜெல் படம் தேவையில்லை, நம் ஜெல் படத்தால் அதை நிரூபிக்கவும் முடியாது.

இரும்பைக் கட்டும் பண்பு மட்டும் வீட்டுக்கு நேராக வந்துவிடும். டானின் குடலிலும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் கடுக்காய்த் தூளையோ திரிபலாவையோ அதே வேளையில் எடுக்க வேண்டாம், குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளி எடுங்கள். கர்ப்பிணிகள் சித்த மருத்துவரைக் கேட்காமல் கடுக்காயைத் தொடவே வேண்டாம்.